வேல்ஸ் நாய்க்கு மூலப்பத்திரம்

"அண்ணாச்சி, வேல்ஸ் ராசா வீட்டு நாய்க்குப் பின்னாடி பம்புசெட்டு எப்படி வந்துச்சு?"

கேட்டுக்கொண்டே வின்சி அந்தப் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டாள் என்பதே சரி. கறுப்பு ரெக்ஸின் அட்டை, மேலே தங்க எழுத்து, நூற்றிருபது பக்கம். சோலைராஜ் தன் கையால் பைண்டிங் செய்துகொடுத்த பிராஜெக்ட். காலை பத்து மணிக்குப் புதுமாப்பிள்ளையாகப் போனது, மத்தியானம் இரண்டு மணிக்கு மூலை மடங்கித் திரும்பி வந்திருக்கிறது.

சோலைராஜ் அட்டையின் மடங்கிய மூலையை விரலால் நிமிர்த்தினார். அவர் கடைக்கு வந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் 'சோலை கம்ப்யூட்டர்ஸ்' திறந்து பதினான்கு வருஷம் ஆகிறது. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ரேஷன் கார்டு திருத்தம், கல்லூரிப் பிள்ளைகளுக்கு பிராஜெக்ட். இணையத்தில் எது இருந்தாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார் என்று பேர். அந்தப் பேர் அவருக்குச் சொத்து. தேவதானத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் வழியில் மூன்று கடையைத் தாண்டிக்கொண்டு இவர் கடைக்கு வருவார்கள். அப்படி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சோலைராஜ் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

"எந்தப் பம்புசெட்டு?" என்றார்.

"நாப்பத்தேழாம் பக்கம். நீங்களே பாருங்க."

ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்த சீனியம்மாள், கணவனுக்கு முன்னால் எட்டிப் பார்த்துவிட்டாள். பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ, இது எங்க அண்ணன் வீட்டுத் துரையில்லா!"

துரைதான். சீனியம்மாளின் அண்ணன் சங்கிலிப்பாண்டிக்கு ராஜபாளையத்துக்கு மேற்கே தோட்டம் இருக்கிறது. அங்கே வளர்கிற வேட்டை நாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒட்டிய வயிறு. படத்தில் அது காதை மடக்கிக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. அதற்குப் பின்னால் பம்புசெட் அறையும், கதவில் மாட்டிய சங்கிலிப்பாண்டியின் சிவப்புத் துண்டும் பளிச்சென்று தெரிகின்றன. படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில், 'பதின்மூன்றாம் நூற்றாண்டு வேல்ஸ் அரசனின் வேட்டை நாய்' என்று போட்டிருக்கிறது.

நடந்தது இதுதான். வின்சிக்குக் கல்லூரியில் கொடுத்த தலைப்பு, மத்திய கால பிரிட்டிஷ், கெல்டிக் பழங்கதைகளுக்கு இணையத்தில் என்னென்ன நல்ல ஆதாரங்கள் கிடைக்கும் என்பது. நூலகத்தில் அந்த விஷயத்துக்கு ஒன்றரை அலமாரிகூட இல்லை. அதனால்தான் இப்படி ஒரு தலைப்பு. மாதிரிக்கு ஒரு கதையை எடுத்து அலசச் சொன்னார்கள். அவள் எடுத்தது வேல்ஸ் நாட்டு நாய்க்கதை. வேட்டைக்குப் போய்த் திரும்பிய அரசன், தொட்டில் கவிழ்ந்து கிடப்பதையும் நாயின் வாயில் ரத்தத்தையும் பார்க்கிறான். குழந்தையை நாய் கடித்துவிட்டது என்று வாளை உருவி அதைக் குத்திவிடுகிறான். தொட்டிலைத் தூக்கினால் குழந்தை சிரிக்கிறது, பக்கத்தில் செத்துக் கிடப்பது ஓநாய். அந்த நாய்க்கு வேல்ஸில் ஒரு ஊரில் கல்லறைகூட உண்டு.

கடைசி செமஸ்டரில் வகுப்பு வாரத்துக்கு மூன்று நாள். மற்ற நாளெல்லாம் வின்சி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முதல் ஷிப்ட். மம்சாபுரத்திலிருந்து விடியுமுன் வேன் ஏறினால் மூன்று மணிக்குத்தான் வெளியே வருவாள். அவள் தலைப்பைச் சொன்னதும் சோலைராஜ், "நீ மில்லுக்குப் போயிட்டு வா தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பார்த்துக்கொண்டார். நான்கு தளங்களைத் திறந்தார், கிடைத்ததை வெட்டி ஒட்டினார். நாய்ப்படம் தேடினால் எல்லாவற்றிலும் குறுக்கே யாரோ ஒருவன் பேரை அச்சடித்து வைத்திருந்தான். சோலைராஜ் தன் போனைத் திறந்தார். வேட்டை நாய்தானே வேண்டும்? ராஜபாளையம் நாயைவிட லட்சணமான வேட்டை நாய் எந்த ராஜா வீட்டில் நின்றிருக்கப்போகிறது? அதைச் செருகியபோது அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

"வெளியூர்லருந்து வந்த தேர்வாளர் ராஜரத்தினம் சார், எந்த ஊருன்னு தெரியுமா அண்ணாச்சி?" என்றாள் வின்சி. "பொறந்து வளந்தது ராஜபாளையம். அவிய வீட்டுல மூணு நாய் நிக்கு. படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, 'ஏம்மா, இந்த நாயி வேல்ஸ்க்கு எந்த பஸ்ல போச்சு'ங்காக."

சீனியம்மாள் சிரிப்பை அடக்க ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதோட விட்டாகளா? ஐம்பத்திரெண்டாம் பக்கம். அந்த நாய்க்கு மூணு உயிரு, ஒவ்வொரு உயிருக்கும் நூறு பாயிண்டுன்னு இருக்கு. அது ஏதோ வீடியோ கேம் அண்ணாச்சி. நானும் படிக்காமக் கொண்டு போனேன், என் தப்புதான். காலையில வாங்கி, வராந்தாவுல நின்னு முன்னுரையை மட்டும் மனப்பாடம் பண்ணுனேன்." அவள் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பத்து நாள் குடுத்திருக்காக. ஒவ்வொரு வரிக்கும் எங்கருந்து எடுத்தது, அந்தத் தளத்தை ஏன் நம்பணும்னு எழுதிக் கொண்டு வரணுமாம். இல்லைன்னா அடுத்த வருஷம்தான். ஜூன்ல மார்க்ஷீட்டோட வந்தா டீச்சர் வேலை தாரேன்னு ஒரு ஸ்கூல்ல சொல்லிருக்காக. அது போச்சுன்னா எனக்கு மில்லுதான் அண்ணாச்சி, காலம் பூரா."

சோலைராஜ் வாயைத் திறந்தார். கம்ப்யூட்டர் மேல் பழி போடலாமா, கரண்ட் மேல் போடலாமா என்று யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

"எந்தக் கடையில பண்ணுனேன்னும் கேட்டாக," என்றாள் வின்சி. "நான் சொல்லலை."

அதுதான் அவரை அடித்துப் போட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். பத்துப் பேருக்கு முன்னால் தலைகுனிந்து நின்றபோதும் இந்தப் பிள்ளை அவருடைய பேரைக் காப்பாற்றிவிட்டு வந்திருக்கிறது. அவமானத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"உக்காரு தாயி," என்றார். "பத்து நாள்ல நான் எடுத்துத் தாரேன். இல்லைன்னா இந்த போர்டைக் கழட்டிருதேன்."

சொல்லிவிட்டார். ஆனால் முதல் இரண்டு நாளும் அவர் செய்தது, முன்பு செய்த அதே வேலையை அதிக வேகத்தில் செய்ததுதான். எழுபது பக்கம் பிரிண்ட் எடுத்து அடுக்கினார். மூன்றரை மணிக்கு மில் வேனிலிருந்து இறங்கி, தலையில் பஞ்சுத் தூசியோடு வின்சி வந்து உட்காருவாள். ஒவ்வொரு தாளாக எடுத்து, "இதை யாரு சொன்னது?" என்று கேட்பாள்.

"நெட்ல போட்டிருக்கு."

"நெட்ல யாரு?"

சோலைராஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது.

ஒன்று மட்டும் அவருக்கு உடனே பிடிபட்டது. எழுபது பக்கத்தில் பாதிக்குமேல் ஒரே ஆள் எழுதியதைப் பத்துப் பேர் எடுத்து ஒட்டியது. ஆங்கிலம் அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் வெட்டி ஒட்டியதை மோப்பத்திலேயே கண்டுபிடிப்பார். வரி பாதியில் உடைந்திருக்கும், எழுத்தின் அளவு திடீரென்று மாறும், 'மேலே உள்ள படத்தைப் பார்க்கவும்' என்றிருக்கும், படம் இருக்காது. அத்தனையும் அவரே செய்த காரியங்கள். "இவன் அவன்ட்டருந்து எடுத்திருக்கான், அவன் இந்தா இந்த டூரிஸ்ட்காரன்ட்டருந்து எடுத்திருக்கான்," என்று சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே போனார். எழுபது பக்கம் பதினொன்றாகச் சுருங்கியது. மிச்சம் இருந்த பதினொன்றும் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள், வின்சி வந்து உட்கார்ந்த நேரத்தில், ஆலங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் விலைக்கு வருகிறது, வில்லங்கம் பார்த்துச் சொல்ல வேண்டும். சோலைராஜ் சர்வே எண்ணைப் போட்டார். யார் யாருக்கு எந்த வருஷம் எழுதிக்கொடுத்தது என்று விரலால் திரையில் தொட்டுத் தொட்டுப் பின்னால் போனார். 2016, 2003, 1998. அப்புறம் 1981.

"அண்ணாச்சி, இந்த எண்பத்தொண்ணுல வாங்குனவரு வேற, தொண்ணூத்தெட்டுல வித்தவரு வேற. நடுவுல ஒரு பத்திரம் வரணும், இதுல இல்லை. மூலப்பத்திரத்தைக் கண்ணால பாக்காம அட்வான்ஸ் குடுத்துராதீக."

"இடம் நல்ல இடம்யா. ரோட்டு மேல இருக்கு. புதுசா வேலி போட்டிருக்கு."

"வேலி யாரு வேணாலும் போடலாம்."

அவர் தலையாட்டிக்கொண்டே போனார். சீனியம்மாள் பைண்டிங் பசையைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஊர்ல உள்ள அம்புட்டு நிலத்துக்கும் வில்லங்கம் பாத்துச் சொல்லுதீக. ஒரு நாய்க்குப் பாக்கத் தெரியாதாக்கும்?"

சோலைராஜ் மனைவியைப் பார்த்தார். வின்சி சோலைராஜைப் பார்த்தாள். அப்புறம் அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, நிலம் பார்க்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த நீளமான நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார். சர்வே எண் என்று இருந்த இடத்தில் 'வேல்ஸ் நாய்' என்று எழுதினார். கீழே வழக்கமான கட்டங்கள்தான்: யாரிடமிருந்து, யாருக்கு, எந்த வருஷம், பத்திரம் உண்டா இல்லையா.

அன்றைக்குத் தொடங்கியது வேலை. முதலில் அந்தப் பெரிய கலைக்களஞ்சியத் தளத்தைத் திறந்தார்கள். அதிலிருந்து அவர் ஆயிரம் பிராஜெக்டுக்கு எடுத்திருப்பார். வின்சி மவுஸை வாங்கிக் கீழே, இன்னும் கீழே உருட்டினாள். அடியில் சின்ன எழுத்தில் வரிசையாக எண்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நூல், ஒரு வருஷம், ஒரு பக்கம்.

"இது என்ன தாயி?"

"மேல எழுதியிருக்கதுக்கு ஆதாரம்."

"பத்திர நம்பரு!" என்று கத்திவிட்டார் சோலைராஜ். பதினான்கு வருஷமாகத் தினமும் திறந்த பக்கத்தில் இந்த இடம் வரைக்கும் அவர் இறங்கி வந்ததே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அப்புறம் என்ன, தளத்தின் முன்வாசலை விட்டுப் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். ஒவ்வொரு எண்ணாகப் பிடித்துக்கொண்டு போனால், நூறு வருஷத்துக்கு முந்தைய நூல்களை அட்டை முதல் அட்டை வரை படம் எடுத்து யாரும் படிக்கட்டும் என்று திறந்து வைத்திருக்கிற தளங்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் பழைய ஆங்கிலக் கதைகளை வரிக்கு வரி அருஞ்சொல் பொருளோடு போட்டிருக்கிறது. அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் தங்கள் பழைய ஏடுகளை எழுத்து எழுத்தாக ஏற்றி, பக்கத்திலேயே மொழிபெயர்ப்பும் வைத்திருக்கிறது. வேல்ஸ் நாட்டின் தேசிய நூலகமோ தன் தோல் ஏடுகளையே படம் எடுத்து வைத்துவிட்டது.

அந்தத் தோல் ஏடு ஒன்று திரையில் விரிந்தபோது மணி ஐந்து இருக்கும். வின்சி பெரிதாக்கிக் காட்டினாள். பழுப்பு நிறத் தோல், கறுப்பு மையில் நெருக்கி எழுதிய எழுத்து, நடுவில் ஒரு சின்ன ஓட்டை. எழுதியவர் அந்த ஓட்டையைச் சுற்றிக்கொண்டு எழுதியிருந்தார். ஏழு நூற்றாண்டுக்கு முந்தையது. சோலைராஜ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார், தொடப்போகிறவர்போல.

"சீனி, செத்த இங்க வாயேன்," என்று கூப்பிட்டார். மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். ரேஷன் கார்டு திருத்தப் படிவங்களும் ஓட்டை ஃபேனும் இருக்கிற அந்தச் சந்துக் கடைக்கு இப்படி ஒன்று வந்து இறங்கியிருக்கிறது, இறக்கியது நாம் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

வேலை இரண்டாகப் பிரிந்தது. படிப்பது வின்சி, துரத்துவது சோலைராஜ். அவள் அர்த்தம் சொல்லுவாள், அவர், "இவன் இதை யார்ட்டருந்து வாங்குனான்? வருஷம் போட்டிருக்கானா?" என்று விடாமல் பின்னால் போவார். அழகழகான தளங்கள் எல்லாம் விழுந்தன. மேகம், கோட்டை, வாள், பின்னணி இசை எல்லாம் இருக்கும், யார் சொன்னது என்று மட்டும் இருக்காது. "வேலி புதுசு, பத்திரம் இல்லை," என்று எழுதித் தள்ளினார். இன்னொரு தளம், யாரோ ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார் நடத்துவது. பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, பார்த்தால் கண் வலிக்கும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அடியில் நூலின் பேரும் பக்கமும் இருந்தன; தனக்குத் தெரியாத இடத்தில் 'எனக்குத் தெரியவில்லை' என்றே எழுதியிருந்தார். அதற்கு சோலைராஜ் நோட்டில் எழுதியது: "ஓட்டு வீடு. பத்திரம் சுத்தம்."

வின்சி அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி ஆய்வில் சேர்த்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் நாய்க்கதையின் வில்லங்கம் கட்டம் கட்டமாக நிரம்பியிருந்தது. அந்தக் கல்லறை இருநூறு வருஷச் சொச்சம்தான். ஊருக்கு ஆள் வரவேண்டும் என்று ஒரு விடுதிக்காரர் கல்லை நட்டுக் கதையையும் சேர்த்து நட்டார் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்பும் வேல்ஸில் நாயைக் கொன்று வருந்திய மனிதன் கதை உண்டு. ஆனால் அந்த ஊரின் பேரும் அந்த அரசனின் பேரும் அதில் கிடையாது. அதற்கும் முன்னால் போனால் கதை பிரெஞ்சில் இருக்கிறது, லத்தீனில் இருக்கிறது. இன்னும் பின்னால், அரபியில், பாரசீகத்தில். அங்கே நாய் இல்லை. குழந்தைக்குக் காவல் இருப்பது வேறு பிராணி, கடிக்க வருவது பாம்பு.

வின்சி படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "அண்ணாச்சி, இந்தியாவுல இது கீரிப்பிள்ளையாம்."

சோலைராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். தண்ணீர் எடுக்கப் போன தாய், தொட்டிலுக்குக் காவல் கீரிப்பிள்ளை, வாயில் ரத்தத்தோடு வாசலுக்கு ஓடி வந்த அதன் தலையில் குடத்தைப் போட்டவள். ஒன்றாம் வகுப்பில் கேட்ட கதை. அதைக் கேட்டு அழுத அவரை மிஸ் மிட்டாய் கொடுத்துச் சமாதானம் செய்திருக்கிறார்.

"ஏ சீனி! வெள்ளைக்காரன் ராசா வீட்டு நாயி இல்லட்டி அது, நம்ம கீரிப்பிள்ளை!"

அவருக்குக் கை நிற்கவில்லை. உட்கார்ந்து கடைசி அத்தியாயத்துக்குத் தலைப்பு அடித்தார், பெரிய எழுத்தில், தடித்த எழுத்தில்: 'இது நம் கதை.' அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். பம்புசெட் அவமானம் முழுக்கக் கழுவிப் போய்விட்டது. ராஜரத்தினம் சார் இதைப் பார்த்தால் எழுந்து நின்று கை கொடுப்பார் என்று தோன்றியது.

வின்சி அந்த நீள நோட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தாள். இரண்டு கட்டங்களில் விரலை வைத்துக் காட்டினாள். லத்தீனுக்கும் வேல்ஸுக்கும் நடுவில் ஒரு கட்டம் காலி. கீரிக்குப் பதில் நாய் எந்த இடத்தில் வந்தது என்பதற்கு நேராக இன்னொரு கட்டம் காலி. யார் கொண்டுபோனார்கள், எந்த வழியாக, ஒன்றும் இல்லை.

"பழசு நம்ம பக்கம்னு தெரியுது அண்ணாச்சி. ஆராய்ஞ்சவுகளும் அப்படித்தான் நினைக்காக. ஆனா நடுவுல ரெண்டு பத்திரம் இல்லையே."

"அதான் எல்லாருக்கும் தெரியுதே தாயி, ஒரே கதைதான்னு. இதுக்குமா பத்திரம்?"

"ஆலங்குளத்துக்காரர்ட்ட நீங்க என்ன சொன்னீக?"

அவருக்குக் கோபம் வந்தது. வின்சி மேல் இல்லை, அந்த இரண்டு காலிக் கட்டங்கள் மேல். வேறு யாராவது ஒருவர் இந்தத் தலைப்பைக் கொண்டு வந்திருந்தால் தங்க எழுத்தில் அடித்துக் கொடுத்து அனுப்பியிருப்பார். அப்புறம் உட்கார்ந்து, தலைப்பை எழுத்து எழுத்தாக அழித்தார். 'கிடைக்காத இரண்டு பத்திரங்கள்' என்று அடித்தார். பல்லைப் பிடுங்கியதுபோல வலித்தது; பிடுங்கியபின் வருகிற நிம்மதியும் இருந்தது.

ஒன்பதாம் நாள் அவருக்குத் தாலுகா ஆபீஸில் வேலை இருந்தது. சீனியம்மாளே பைண்டிங் போட்டாள். மாலையில் அவர் வந்து பார்க்கும்போது மூன்று பிரதியும் பழைய டெலிபோன் டைரக்டரிகளின் கீழே காய்ந்துகொண்டிருந்தன. பிரிக்கப்போனவரின் கையைத் தட்டிவிட்டாள். "பசை காயலை. நாளைக்குப் பாத்துக்கிடலாம்."

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சோலைராஜ் கல்லூரிக்குப் போனார். அவரை யாரும் கூப்பிடவில்லை. ஆங்கிலத் துறைக்கு வெளியே வராந்தாவில், ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டார். பதினான்கு வருஷம் இந்தக் கல்லூரிக்கு பிராஜெக்ட் செய்து அனுப்பியிருக்கிறார். உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ராஜரத்தினம் சார் நிதானமாகப் புரட்டினார். ஒரு தளத்தின் பேரைச் சொல்லி, இதை ஏன் நம்புகிறாய் என்று கேட்டார். வின்சி சொன்னாள். இன்னொன்றைக் கேட்டார். சொன்னாள். பச்சைப் பின்னணி வாத்தியாரைப் பற்றிக் கேட்டபோது, "பாக்க ஓட்டு வீடு சார், பத்திரம் சுத்தம்," என்றாள், தமிழிலேயே. துறைத் தலைவர் சிரித்துவிட்டார். ராஜரத்தினம் சிரிக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு வந்து கண்ணாடியைக் கழற்றினார். சோலைராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கீரிப்பிள்ளைக் கதை நம்ம கதை. அவிய எடுத்துக்கிட்டாக. பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். 'இது நம் கதை'ன்னு ஒரு வரி எழுத உனக்கு என்ன தயக்கம்? எழுதியிருந்தா நானே கை தட்டியிருப்பேனே."

ஜன்னலுக்கு வெளியே சோலைராஜ் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டார். தன் தலைப்பு. அப்படியே தன் தலைப்பு. அழித்திருக்க வேண்டாமோ?

"எழுத ஆசையாத்தான் சார் இருந்துச்சு," என்றாள் வின்சி. "ஆனா நடுவுல ரெண்டு இடத்துல ஆதாரம் கிடைக்கலை. இல்லாததை இருக்குன்னு எழுதித்தான் போன தடவை உங்க முன்னாடி தலைகுனிஞ்சு நின்னேன். நம்ம கதைங்கிறதுக்காக மறுபடி அதைச் செய்ய முடியாது சார்."

ராஜரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இந்தப் பதிலைத்தான் கேக்கணும்னு வந்தேன்," என்றார். அதற்கப்புறம் கேள்வி கேட்கவில்லை. பக்கங்களை மட்டும் புரட்டினார். கடைசித் தாளுக்கு வந்தவர் நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய சோலைராஜுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"யாரும்மா இது, நாப்பத்தொண்ணாம் நம்பரு?"

வின்சி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "வெளிய நிக்காக சார்."

உள்ளே கூப்பிட்டார்கள். சோலைராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார், கழற்ற வேண்டியதில்லை என்று யாரும் சொல்வதற்குள். ராஜரத்தினம் அந்தத் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

துரை. காதை மடக்கிக்கொண்டு, பம்புசெட்டுக்கு முன்னால், சிவப்புத் துண்டோடு. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். 'இராஜபாளையம் நாய். பெயர் துரை, வயது மூன்று. வேல்ஸ் நாட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. இந்த ஆய்வின் முதல் பிழை இதுவே. ஆய்வு தொடங்கியதும் இதிலிருந்தே. ஆதாரம் எண் 41.' எதிர்ப் பக்கத்தில் ஆதாரங்களின் பட்டியல். வேல்ஸ் தேசிய நூலகம், அயர்லாந்துப் பல்கலைக்கழகம், அமெரிக்கப் பல்கலைக்கழகம் என்று இறங்கி வந்து, கடைசியாக: சோ. சோலைராஜ், ஒளிப்படம், இராஜபாளையம், 16 ஜனவரி 2025.

எத்தனையோ ஆயிரம் அட்டைகளில் அடுத்தவர் பேரைத் தங்கத்தில் அடித்துக் கொடுத்தவர். ஒரு புத்தகத்தின் உள்ளே, தன் பேர் அச்சில் இருப்பதை முதல் தடவையாகப் பார்க்கிறார். சீனியம்மாள் ஏன் பசை காயவில்லை என்றாள் என்பது இப்போதுதான் விளங்கியது. கண் கலங்கிவிட்டது, அதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை.

"நாப்பது ஆதாரத்தையும் பிள்ளை நல்லா பாத்திருக்கு," என்றார் ராஜரத்தினம், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. "இந்த ஒண்ணுக்குத்தான் மூலம் பாக்கணும். நீங்கதான் எடுத்தீகன்னு எப்படி நம்புறது?"

சோலைராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தேதியோடு, நேரத்தோடு, இடத்தோடு அந்தப் படத்தைத் திறந்து மேசைமேல் வைத்தார். விரலால் அடுத்ததுக்குத் தள்ளினார். அதே நாள், அதே பம்புசெட், அதே துரை. பக்கத்தில் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, புதுவேட்டியில், சங்கிலிப்பாண்டி.

"மூலப்பத்திரம் சார்," என்றார் சோலைராஜ். "வில்லங்கம் இல்லை."

ராஜரத்தினம் பேனாவை எடுத்து, வின்சியின் மதிப்பெண் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.